ஃபோட்டோகிராஃபர்களுக்கு ஏன் இந்த ‘ப்ளர்’ பைத்தியம்?

கேள்வி இதுதான். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு ஒருவர் கேனான் கேமரா வாங்கிக் கொடுத்திருக்கிறார். 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ் சேர்ந்து வரும் செட். ஆறு மாதத்தில் பையன் காசு சேர்த்து 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் எடுக்கும் எந்தப் படத்திலும் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லையாம். இப்போது அதே 50-இல் எஃப் 1.2 வேண்டும் என்று பிடிவாதம். விலை லட்சத்துக்கு மேல். “மங்கலாகத் தெரிவதற்கு எதற்கு இவ்வளவு காசு? ஃபோட்டோகிராஃபர்கள் எல்லோருக்கும் ஏன் இந்தப் பைத்தியம்?” என்று கேட்கிறார்.

இருபது வருடமாகக் கல்யாணம், மேடை நிகழ்ச்சி என்று எடுத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்து, மெல்லத் தெளிந்தது. அதனால் உங்கள் பையனைத் திட்டாமல் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

அவன் வாயில் ‘போக்கே’ என்ற சொல் அடிபட்டிருக்கும். ஜப்பானியச் சொல். மங்கல், தெளிவில்லாமை என்று பொருள். வயதானவர்களுக்கு வரும் புத்தித் தடுமாற்றத்துக்கும் அங்கே இதே சொல்தான். 1997-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ‘ஃபோட்டோ டெக்னிக்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் இதைப் பற்றி மூன்று கட்டுரைகளை எழுதி வாங்கி ஒரே இதழில் போட்டார். ஆங்கில வாசகர்கள் ‘போக்’ என்று படித்துவிடப் போகிறார்களே என்று சொல்லின் கடைசியில் ஓர் ‘எச்’ எழுத்தையும் ஒட்டவைத்தார். உலகம் முழுக்க இன்று புழங்கும் எழுத்துக்கூட்டல் அங்கிருந்து பரவியதுதான்.

ஜப்பானிய ஃபோட்டோகிராஃபர்கள் இந்தச் சொல்லை வைத்துப் பேசியது மங்கலின் தன்மையை. இந்த லென்ஸின் மங்கல் மெத்தென்று இருக்கிறது, அந்த லென்ஸில் முரட்டுத்தனமாக இருக்கிறது என்கிற மாதிரி. நம் கைக்கு வந்து சேர்ந்தபோது அது அளவாகிவிட்டது. “செம போக்கே” என்றால் பின்னால் நிறைய மங்கியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். சாம்பாரின் ருசியைப் பற்றி ஆரம்பித்த பேச்சு எத்தனை கரண்டி என்ற எண்ணிக்கையில் போய் நின்ற கதை. பையன் கேட்கும் 1.2-ம் கரண்டிக் கணக்கில்தான் வருகிறது. எனவே முதலில் அந்தக் கணக்கையே பார்த்துவிடலாம். நிறையப் பேர் தப்பாகப் போடும் கணக்கு இது.

எஃப் எண் சின்னதாக இருந்தால் மங்கல் அதிகம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாதி உண்மை. உண்மையில் பார்க்க வேண்டியது லென்ஸின் துளை எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதை. லென்ஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைத்துவிடும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மி.மீ. இப்போது ஓர் ஆளின் முகத்தில் ஃபோகஸ் வைத்துப் படம் எடுக்கிறீர்கள், அவருக்குப் பின்னால் வெகு தூரத்தில் ஒரு தெருவிளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அந்த விளக்கு ஒரு வட்டத் தட்டாக விரியும். அந்தத் தட்டு எவ்வளவு பெரிது? அந்த ஆளின் முகத்தோடு சேர்த்து அளந்தால், சரியாக லென்ஸ் துளையின் விட்டம். முகம் சுமார் 15 செ.மீ. அகலம். 28 மி.மீ. துளை என்றால் விளக்குத் தட்டு முகத்தில் ஐந்தில் ஒரு பங்கு தெரியும். நான் முன்னால் சொன்ன மூன்று கட்டுரையாளர்களில் ஒருவரான ஹெரால்ட் மெர்க்ளிங்கர் இந்த வழியில்தான் ஃபோகஸைக் கணக்குப் போட்டுக் காட்டினார். இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குப் பத்து வருடக் குழப்பம் தீர்ந்தது.

பையன் கேட்கும் 50 மி.மீ. எஃப் 1.2-இன் துளை 42 மி.மீ. சரி, இருப்பதைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் 85 மி.மீ. எஃப் 1.8 எடுத்தால் 47. அதன் விலை 1.2-இன் பக்கத்தில்கூட வராது. இன்னொன்று சொல்கிறேன், இதைக் கேட்டால் பையன் முகம் மாறும். கேமராவோடு இலவசம் மாதிரி வந்ததே 55-250, பிளாஸ்டிக் லென்ஸ் என்று அவன் தொடாமல் வைத்திருப்பானே, அதை 250-இல் வைத்தால் எஃப் 5.6. வகுத்துப் பாருங்கள்: 45 மி.மீ. அவன் ஏங்கும் லென்ஸைவிடப் பெரிய துளை வீட்டிலேயே இருக்கிறது.

உடனே அதை வைத்து ஹாலில் எடுத்துப் பார்த்துவிட்டு “அங்கிள் சொன்னது பொய்” என்பான். கணக்கில் இரண்டாவது பாதி ஒன்று இருக்கிறது. துளை விட்டம் முழுசாகக் கிடைப்பது பின்னணி வெகு தூரத்தில் இருந்தால்தான். இல்லையென்றால் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆளுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது அந்தப் பங்கு. நெஞ்சு வரை வரும்படி ஓர் ஆளை எடுக்க, அவன் கேமராவில் 50 மி.மீ. போட்டால் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பான். 250 போட்டால் கிட்டத்தட்ட எட்டு மீட்டர் பின்வாங்க வேண்டும். ஆளுக்கு மூன்று மீட்டர் பின்னால் சுவர். 50-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 18 மி.மீ. சுமார் மங்கல் கிடைக்கும். 250-இல் பதினொன்றில் மூன்று பங்குதான், 12 மி.மீ. ஹாலில் சின்ன லென்ஸ் ஜெயிக்கும். ஆனால் எட்டு மீட்டர் நீள ஹால் யார் வீட்டில் இருக்கிறது, அது வேறு விஷயம். வயல்வெளிக்கோ கடற்கரைக்கோ போய் நின்றால் 250 ஜெயிக்கும், அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

ஆளைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்துவிட்டு லட்ச ரூபாய் லென்ஸ் மாட்டினாலும் சுவர் விரிசல் வரைக்கும் தெரியும். இரண்டு மீட்டர் முன்னால் வரச் சொல்வதற்குக் காசு கிடையாது.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் 1.2, 1.4 என்று அலைகிறார்கள்? என் ஊகம், இது வெளியே தெரிகிற வித்தியாசம் என்பதால்தான். நல்ல வெளிச்சம், சரியான நொடி, ஃபிரேமுக்குள் எதை வைப்பது எதை விடுவது என்பதெல்லாம் பார்க்கிறவருக்குச் சட்டென்று பிடிபடாது. பின்னால் வெண்ணெயாய் உருகி நிற்கும் பின்னணி பிடிபடும். “பெரிய கேமராவில் எடுத்ததா?” என்று அத்தையும் கேட்பார். டிஜிட்டல் வந்த புதிதில் எல்லோர் கையிலும் இருந்தவை சென்சார், அதாவது படம் பதிவாகும் சில்லு, குட்டியாக உள்ள கேமராக்கள், அவற்றில் பின்னணி மங்கவே மங்காது. மங்கியிருந்தால் அது காசுக்காரக் கேமரா. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்து, பெரிய சென்சாரில் வீடியோவும் எடுக்கலாம் என்றானதும் இந்தப் பித்து வீடியோவுக்கும் தாவியது. நம் ஊர்க் குறும்படக்காரர்கள் 5டி, 7டி-யைத் தூக்கிக்கொண்டு திரிந்த அந்தக் காலத்தில், கதாநாயகன் பேசிக்கொண்டே ஓர் அடி முன்னால் வந்தாலே ஃபோகஸ் போய்விடும். அதையும் ‘சினிமா லுக்’ என்று ரசித்தோம்.

பிறகு ஃபோன்கள் வந்து அந்த கௌரவத்தையும் பறித்துக்கொண்டன. பெரும்பாலான ஃபோன்களின் முதன்மை லென்ஸில் துளை 3 முதல் 5 மி.மீ.க்குள்தான். மேலே சொன்ன கணக்குப்படி முகத்துக்குப் பின்னால் ஒன்றும் மங்காது. ஆனால் 2016-இல் ஐஃபோன் 7 ப்ளஸ்ஸில் ‘போர்ட்ரெய்ட்’ வந்தது. இரண்டு லென்ஸை வைத்து எது பக்கத்தில், எது தூரத்தில் என்று ஃபோன் கணித்து, தூரத்தில் இருப்பதைத் தானே அழித்து மங்கலாக்கியது. அடுத்த வருடம் கூகுளின் பிக்ஸல் 2 ஒரே லென்ஸில் அதைச் செய்தது. ஆரம்ப காலப் படங்களை எடுத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். கண்ணாடி போட்டவருக்கு ஃபிரேமின் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தில் பாதி பூ இருக்கும், பாதி பின்னணியோடு கரைந்திருக்கும். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் மட்டும் பின்சுவர் பளிச்சென்று தெரியும். இப்போது எவ்வளவோ தேறிவிட்டன. காற்றில் பறக்கும் முடியில் மட்டும் இன்னும் மாட்டிக்கொள்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1932-இல் கலிஃபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் போன்றவர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் ‘குரூப் எஃப் 64’. அன்றைக்கு வழக்கத்திலிருந்த பூசி மெழுகிய, ஓவியம் போன்ற படங்கள் வேண்டாம். முன்னால் கிடக்கும் கூழாங்கல்லிலிருந்து பின்னால் நிற்கும் மலை வரை அத்தனையும் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்றார்கள். அதற்காகப் பெரிய கேமராவின் லென்ஸ் துளையை இருப்பதிலேயே சின்னதாக்கினார்கள். அந்தத் துளை எண்ணையே பெயராகவும் வைத்துக்கொண்டார்கள். 300 மி.மீ. லென்ஸை எஃப் 64-இல் வைத்தால் துளை எவ்வளவு? ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஃபோனின் துளையேதான். அவர்கள் முக்காலி சுமந்து, நொடிக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கூர்மை நமக்குச் சும்மா வருகிறது. நாம் மென்பொருள் போட்டு அதை அழிக்கிறோம்.

அவர்கள் எதிர்த்தார்களே அந்த மங்கலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1860-களில் இங்கிலாந்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த முகங்களைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஃபோகஸ் வைக்கவே தெரியவில்லை என்று அன்றைய ஃபோட்டோகிராஃபர்கள் கேலி செய்தார்கள். அவர் 1864-இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், எது சரியான ஃபோகஸ் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். கல்கத்தாவில் பிறந்தவர். கடைசிக் காலத்தில் கணவரோடு இலங்கைக்குப் போய், அங்கேயும் ஊர் மக்களையும் தோட்டங்களில் வேலை செய்தவர்களையும் எடுத்தார். 1879-இல் இறந்து, மலையகத்தில் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். அவருடைய படங்களில் மங்கல் பின்னால் மட்டும் இருக்காது. முகத்திலேயே, கன்னத்திலிருந்து காதுக்குப் போகும் வழியிலேயே ஆரம்பித்துவிடும். அந்த முகங்கள் ஏதோ நினைப்பில் இருப்பது போலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். மங்கலை வைத்து அவர் ஒன்றைச் சொன்னார். மங்கலே கூடாது என்று நான் வாதாடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது ருசிக்கு வருவோம், ஜப்பானியர்கள் பேசிய அந்தத் தன்மைக்கு. எனக்கு உண்மையில் பிடித்த பகுதி இதுதான்.

விளக்கு வட்டத் தட்டாக விரியும் என்றேனே, அது உண்மையில் லென்ஸ் துளையின் நிழலுருவம். துளை எந்த வடிவமோ தட்டும் அந்த வடிவம். 1990-இல் வந்த கேனானின் பழைய மலிவு 50 மி.மீ. 1.8-இல் துளையை மூடித் திறக்க ஐந்தே தகடுகள். எஃப் 2.8-க்கு மூடினால் பின்னணி விளக்கெல்லாம் ஐங்கோணமாகிவிடும். சீரியல் லைட் போட்ட கல்யாண மண்டபத்தில் எடுத்தால் பின்னால் ஓட்டு வில்லைகளைக் கொட்டினது மாதிரி இருக்கும். 2015-இல் அதற்குப் பதிலாக வந்த மாடலில் வளைந்த ஏழு தகடுகள், வட்டம் எவ்வளவோ பரவாயில்லை. உங்கள் பையனிடம் இருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

படத்தின் ஓரங்களுக்குப் போகப் போக வட்டம் எலுமிச்சைப் பழம் போல் நசுங்கும். காரணம் தெரிய வேண்டுமென்றால் ஒரு டஜன் வளையலை அடுக்கிப் பிடித்து நேராகப் பாருங்கள், ஓட்டை வட்டமாகத் தெரியும். கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், முன் வளையலும் பின் வளையலும் ஒன்றையொன்று மறைத்து ஓட்டை பூனைக்கண் போல ஆகும். லென்ஸ் குழாய்க்குள்ளும் அதேதான் நடக்கிறது. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44 என்ற 58 மி.மீ. லென்ஸில் இந்தக் குறை அதிகம். இலைகளுக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் இலைகளெல்லாம் தலையைச் சுற்றிச் சுழல்வது போல வரும். லட்சக்கணக்கில் செய்து தள்ளிய சாதாரண லென்ஸ் அது. அந்தக் குறைக்காகவே இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இன்னும் நுணுக்கமானது தட்டின் விளிம்பு. ஒளி லென்ஸின் நடுவில் புகுந்தாலும் ஓரத்தில் புகுந்தாலும் ஒரே புள்ளியில் குவிய வேண்டும். கண்ணாடி வளைவு அதற்கு முழுசாக ஒத்துழைக்காது. இந்தப் பிசகைத் திருத்தும்போது கொஞ்சம் அதிகமாகத் திருத்திவிட்டால் பின்னணித் தட்டின் விளிம்பு பிரகாசமாகிவிடும். ஒவ்வொரு தட்டும் வளையம் வளையமாகத் தெரியும். பின்னால் ஒரு குச்சி இருந்தால் இரட்டைக் குச்சியாகும். மங்கல் நிறைய இருந்தும் கண்ணை உறுத்தும் பின்னணிகள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகின்றன. கொஞ்சம் குறைவாகத் திருத்தினால் பின்னணித் தட்டு விளிம்பில் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து மெத்தென்று ஆகும். ஆனால் அப்போது முன்னால் மங்குகிற பொருள் உறுத்தும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. நிக்கான் 1990-களில் விற்ற 105, 135 மி.மீ. ‘டிசி’ லென்ஸ்களில் இதற்கென்றே ஒரு வளையம் இருந்தது. பின்பக்கம் மெத்தென்று வேண்டுமா, முன்பக்கமா என்று திருகிக்கொள்ளலாம். மினோல்டா 1999-இல் கொண்டுவந்த 135 மி.மீ. ‘எஸ்டிஎஃப்’ வேறு வழியில் போனது: ஓரத்துக்குப் போகப் போகக் கருக்கும் ஒரு வடிகட்டியை உள்ளே வைத்துத் தட்டின் விளிம்பையே இல்லாமல் செய்தார்கள். எஃப் 2.8 லென்ஸ்தான், ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் எஃப் 4.5 அளவுக்குத்தான் இருக்கும். மங்கலின் ருசிக்காக வெளிச்சத்தையே விட்டுக் கொடுத்த லென்ஸ் அது. கரண்டி எண்ணுகிறவர்கள் அதை வாங்கியிருக்க மாட்டார்கள்.

என் கதைக்கு வருகிறேன். 85 மி.மீ. எஃப் 1.4 வாங்கிய புதிதில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்தை முழுக்க 1.4-இலேயே எடுத்தேன். மூன்று மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் பத்து சென்டிமீட்டர்தான். தாலி முடிச்சில் ஃபோகஸ் வைத்தேன். பெண்ணின் முகம் பாதி போய்விட்டது. அதைக்கூட ‘ஆர்ட்டிஸ்டிக்’ என்று சமாளித்தேன். ஆல்பம் கொடுத்து ஒரு வருடம் கழித்துப் பெண் ஃபோன் செய்தார். “அண்ணா, தாலி கட்டுறப்ப பின்னாடி பச்சைப் புடவைல நின்னு அட்சதை போட்டாங்களே எங்க பாட்டி, அவங்க முகம் தெரியற மாதிரி ஒரு படம் இருக்கா?” பாட்டி போய்விட்டிருந்தார். நான் ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டினேன். நாற்பது படங்களில் பாட்டி இருக்கிறார். நாற்பதிலும் அழகான பச்சை வட்டமாக இருக்கிறார். கடைசியில் கிடைத்தது அஸிஸ்டண்ட் பையன் மேடையின் ஓரத்திலிருந்து 18-55-இல், எஃப் 5.6-இல், ஃபிளாஷை நேராக அடித்து எடுத்த ஒரு படம். பாட்டியின் மூக்குத்தி மின்னுகிறது, வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஃபேன், ஸ்பீக்கர் பெட்டி, பந்தி இலைக்கட்டு எல்லாம் தெரிகிறது. அதைத்தான் பெரிதாக்கி ஃபிரேம் போட்டார்கள். அதற்குப் பிறகு முகூர்த்தத்துக்கு எஃப் 4-க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

நம் ஊர் விசேஷங்களில் பின்னணி என்று தனியாக ஒன்று கிடையாது, அங்கே நிற்பதெல்லாம் சொந்தக்காரர்கள். தெருவும் அப்படித்தான். ரகுபீர் சிங் எடுத்த இந்தியத் தெருப் படங்களில் முன்னால் ஒருவர், நடுவில் நான்கு பேர், பின்னால் ஒரு சைக்கிள், அதற்கும் பின்னால் ஒரு ஜன்னல் என்று எல்லாமே ஏதாவது செய்துகொண்டிருக்கும். எதை மங்கலாக்குவீர்கள்? ஒன்றை எடுத்துவிட்டால் படம் சரிந்துவிடும். மாறாக, பின்னால் இருப்பது கார் பார்க்கிங்கும் ஃபிளக்ஸ் பேனரும் என்றால் தாராளமாகக் கரைக்கலாம். நானே செய்வேன்.

ஆகவே 1.2 இப்போது வேண்டாம். இருட்டான மேடைகளில் அவன் சம்பாதிக்க ஆரம்பித்தால், மங்கலுக்காக இல்லாமல் வெளிச்சத்துக்காக அப்போது வாங்கலாம். உங்களுக்கு ஏதாவது வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்றிருந்தால் 85 மி.மீ. 1.8 போதும், செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும். அதற்கு முன்னால் ஒரு மாதம் அந்த 55-250-ஐ மாட்டிக்கொண்டு சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வெளியே போகச் சொல்லுங்கள். 250-இல் கை ஆட்டம் தெரியும், ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள் எடுப்பதை எஃப் 5.6-இல், ஜன்னல் பக்கம் வைத்து எடுக்கட்டும்.

அந்த லென்ஸ் ஆறு மாதமாக அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடந்திருந்தால் முதலில் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் கண்ணாடிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்புண்டு. லேசாக இருந்தால் சர்வீஸ்காரர் துடைத்துக் கொடுத்துவிடுவார்.